பெயர் தேடும் பிள்ளைகளுக்காக



கோடை விடுமுறையும் தூய ஆவியாரின் பெருவிழாவும் அடுத்தடுத்து வரும் இந்த நாள்களில், நம் பங்குகள் பலவற்றில் உறுதிப்பூசுதலுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். "எந்தப் புனிதர் பெயரை எடுத்துக்கொள்ளப் போகிறாய்?" என்ற கேள்வி மறைக்கல்வி வகுப்பிலிருந்து வீட்டுக்கும் வந்துவிடுகிறது. தனிப் பெயர் வேண்டுமென்று திருச்சபைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. திருமுழுக்குப் பெயரே போதும். ஆனாலும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருமுழுக்கின்போது நாம் பெயர் வைத்தோம். இப்போது பிள்ளை தானே தேடி எடுக்கிறது. ஆயர் அதன் நெற்றியில் தைலம் பூசும்போது அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பார். இந்தத் தேடலை அவசரப்படுத்தாதீர்கள் என்று பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்க இனிமையாக இருக்கிறது, தாத்தாவின் பெயர் என்று எடுப்பதிலும் குறையில்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கணினியே கதியென்று இருக்கும் மகனுக்குக் கார்லோ அக்குத்திஸைக் காட்டுங்கள். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்த அவர், 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மலையேற்றத்தையும் நண்பர்களையும் விரும்பிய பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தி, தூரின் நகரத்து ஏழைகளைத் தேடிப்போய் உதவியது அவருடைய வீட்டுக்கே முழுதாகத் தெரியாது. 1925-இல் 24 வயதில் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழைகளைப் பார்த்துத்தான் குடும்பத்தார் அறிந்துகொண்டார்கள். இருவரும் 2025 செப்டம்பர் 7 அன்று ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தை மறக்கலாமா? நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதியின் உயர்வு தாழ்வு பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குருவுமல்ல, துறவியுமல்ல. 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

"அவரைப் போல என்னால் வாழ முடியுமா?" என்று பிள்ளைகள் தயங்குவார்கள். அவர்களுக்கு அன்னை தெரசாவைச் சொல்லுங்கள். ஆக்னஸ் என்ற பெயரோடு துறவற வாழ்வுக்கு வந்த அவர், லிசியே நகரின் குழந்தை இயேசுவின் தெரேசாவைத் தம் பாதுகாவலராக ஏற்று, அவருடைய பெயரையே எடுத்துக்கொண்டார். அந்தத் தெரேசா கார்மேல் மடத்தின் சுவர்களுக்குள்ளேயே வாழ்ந்து 24 வயதில் இறந்தவர். இவரோ கொல்கத்தாவின் தெருக்களில் நடந்து நடந்து 87 வயதுவரை உழைத்தவர். பெயர் ஒன்று, பாதை வேறு. சிறிய செயலையும் பேரன்போடு செய்யும் மனத்தைத்தான் அவரிடமிருந்து இவர் பெற்றுக்கொண்டார். புனிதரின் பெயரை எடுக்கும் பிள்ளையும் அவருடைய வாழ்வைத் திரும்ப வாழ வேண்டியதில்லை. தன் வாழ்வைக் கடவுளுக்கு உகந்ததாக வாழ அவருடைய துணையைக் கேட்கிறது.

புனிதத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய ஏட்டில் தனி இயலாகவே எழுதி வைத்தது. பிள்ளைகளை அன்போடு வளர்க்கும் பெற்றோரிடமும், குடும்பத்துக்காக உழைப்போரிடமும், நோயுற்றோரிடமும், புன்னகை மாறாத முதிய துறவியரிடமும் இந்தப் புனிதத்தைக் காண்பதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் எழுதினார். அப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நாமும் அப்படி ஆகலாம்.

பெயரைத் தேர்ந்த பிறகு அந்தப் புனிதரின் திருநாளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அன்று பிள்ளையைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒரு பாயசமாவது வையுங்கள். உங்கள் உறுதிப்பூசுதல் பெயரை நீங்கள் மறந்திருந்தால், பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் அந்தப் புனிதரின் வரலாற்றைப் படியுங்கள்.

இந்த ஆண்டு உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளைகள் அனைவருக்காகவும் செபிக்கிறேன். எந்தப் பெயரை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று அவர்களையே நமக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்