எஞ்சினைக் குளிப்பாட்டாதீங்க, துடைங்க

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ராஜபாளையத்தில் எங்க வீட்டு வாசல்ல அப்பாவோட பழைய பெட்ரோல் காரைக் கழுவும் பொறுப்பு என்கிட்ட வந்தது. மெக்கானிக்கல் மாணவன் வெளிப்பக்கம் மட்டும் கழுவினா மரியாதையா? பானட்டைத் திறந்தேன். வருஷக்கணக்கான ஆயிலும் புழுதியும் சேர்ந்து, அடிப்பிடித்த பால்கோவா சட்டி மாதிரி இருந்தது. சோப்புப் பொடியைத் தூவி, மோட்டார் போட்டு, ஹோஸ் பைப்பால் பீய்ச்சி அடிச்சேன். எஞ்சின் பளபளன்னு ஆயிருச்சு. சாவியைத் திருகினேன். தும்மியது, குலுங்கியது, நின்னு போச்சு.

மறுநாள் ஆச்சியை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதா வாக்கு கொடுத்திருந்தேன். ஆச்சி பஸ்ஸில் போனாங்க. அப்பா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வச்சிருக்கும் மாமா சாயங்காலம் வந்தார். ஸ்பார்க் பிளக் குழிகளில் தண்ணி தேங்கி நின்னுது. அதைக் காத்தடிச்சு வெளியேத்திக்கிட்டே கேட்டார்: "ஏன் மாப்ள, எஞ்சின் என்ன எருமை மாடா, தண்ணியைக் கண்டதும் சந்தோஷப்பட?"

ஆல்டர்நேட்டர் பற்றி மூணு பக்கம் எழுதி மார்க் வாங்கினவன் நான். அது பானட்டுக்குள்ள எங்க இருக்குன்னு பார்க்காமலே அதன் மேல தண்ணி அடிச்சிருக்கேன்.

எஞ்சினைச் சுத்தம் பண்ணவே கூடாதுன்னு சொல்ல வரல. கண்டிப்பா பண்ணணும். ஆனா அது போட்டோவுக்காக இல்லை. அழுக்கு மூடின எஞ்சினில் எந்த கேஸ்கெட்டில் ஆயில் கசியுதுன்னு தெரியாது. கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல விழுந்தா புகையும், தீயும் பிடிக்கலாம். அழுக்கை எடுத்தாதான் கசிவு கண்ணுக்குத் தெரியும். அதுக்குத் தண்ணிப் பீய்ச்சல் தேவையே இல்லை.

சிலர் பெட்ரோலில் துணியை நனைச்சுத் துடைப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவி நிக்கும். பேட்டரி முனையில் ஒரு சின்னப் பொறி போதும். மண்ணெண்ணெய் கொஞ்சம் மேல்னு நினைக்காதீங்க. அது சுமார் 38 டிகிரியிலேயே அந்த நிலைக்கு வந்துடும். நம்ம ஊர் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாத் தொடும். ரப்பர் ஹோஸ்களுக்கும் அது ஆகாது.

மாமா காட்டின வழி எளிது. வண்டியை வீட்டுக்கு வெளியே, காத்தோட்டமான நிழலில் நிறுத்துங்க. கை வச்சா பொறுக்கிற அளவுக்கு எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதல்ல கழற்றுங்க. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுத்தும், விரல் போயிடும். ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், காயில்கள் இதையெல்லாம் பிளாஸ்டிக் பையால் மூடுங்க. கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணியில் கலக்கும் வகை டிகிரீஸரை பிரஷில் தொட்டுத் தேய்ங்க. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறட்டும், காய விடாதீங்க. அப்புறம் ஈரத் துணியால் துடைங்க, காய்ந்த துணியால் இன்னொரு தடவை. நல்லா காய்ந்த பிறகு பைகளை எடுத்து, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே போகாதீங்க. அது சர்வீஸ் ஆளுங்க வேலை.

துடைக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அன்னைக்கு நான் அடிச்ச கறுப்புத் தண்ணி தெரு வாய்க்காலுக்குப் போச்சு. மழை வந்தா வாய்க்கால் தண்ணி எங்க போகும்? கண்மாய்க்குத்தான். சோப்பு போட்டதால ஆயில் காணாமப் போயிடல. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணியைப் பிடிக்கும். ஆயில் சின்னச் சின்னத் துளியா உடைஞ்சு தண்ணியோடு கலந்துடும், மேல மிதக்காது. மிதக்கிற ஆயிலையாவது அள்ளிடலாம். கலந்துபோனதை யார் அள்ளுவாங்க? பயன்படுத்திய ஆயிலை மத்திய அரசின் 2016 விதிகள் அபாயக் கழிவா வகைப்படுத்தியிருக்கு. நாம வாய்க்காலில் விடுறோம்.

துணியால் துடைச்சா அழுக்கு துணியிலேயே நிக்கும். மில் ஊரில் காட்டன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமா? கீழே ஒரு தட்டு வச்சு, துணியையும் வழிந்த அழுக்கையும் ஒரு தகர டின்னில் மூடி வச்சு, பழைய ஆயிலைச் சேர்த்து முறையா மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்க.

வாட்டர் வாஷ் பத்து நிமிஷ வேலை, இது ஒரு மத்தியானமே ஆகும். உண்மைதான். ஆனா அந்த மத்தியானத்தில்தான் எந்த ஹோஸ் வெடிச்சிருக்கு, எந்த போல்ட் தளர்ந்திருக்குன்னு கண்ணால் பார்ப்பீங்க. நாலு வருஷ லேப்பில் நான் பார்க்காததை அப்படித்தான் பார்த்தேன். வால்வ் கவர் ஓரத்தில் ஒரு கசிவு இருந்தது. கேஸ்கெட் மாத்தியாச்சு. அடுத்த சனிக்கிழமை ஆச்சியைக் காரிலேயே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.