காத்தா, கிரவுண்டு... நடுவில் ஒரு மீட்டர்

கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு மனையின் அளவைக் கேட்டால் சதுர மீட்டரில் பதில் வருவது அபூர்வம். 'மூன்று காத்தா', 'நாலு காத்தா' என்றுதான் சொல்வார்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் தமிழருக்கு கிரவுண்டு தெரியும். மதுரைக்காரருக்கு சென்ட் அத்துப்படி. காத்தா? தரகர் சொல்வதுதான் கணக்கு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1956-ல் சட்டம் இயற்றி, படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் முறை 1962-ல் நாடு முழுவதும் கட்டாயமானது. அதே 1962-ல்தான் முதல்வர் பி.சி. ராய் காலத்தில் உப்பு ஏரிச் சதுப்பு நிலத்தில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி நிரப்பும் வேலை ஆரம்பமாயிற்று. நகரின் வரைபடத்தைத் தயாரித்த டோப்ரிவோயே டோஷ்கோவிச், மீட்டர் புழங்கும் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். ஆக, மீட்டரோடு ஒரே ஆண்டில் பிறந்த நகரம் இது. பேச்சில் மட்டும் இன்னும் காத்தா!

காத்தா ஒன்றும் புரியாத புதிர் அல்ல. வங்காளியின் 'ஹாத்'தும் தமிழரின் முழமும் ஒரே விஷயம்: முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, 18 அங்குலம். 320 சதுர முழம் ஒரு காத்தா. அதாவது 720 சதுர அடி. சென்னையின் கிரவுண்டு 2,400 சதுர அடி. எனவே 10 காத்தாவும் 3 கிரவுண்டும் சமம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு காத்தா ஏறக்குறைய 1.65 சென்ட்.

பிரச்சினை, மற்ற மாநிலங்களுக்குப் போகும்போது வரும். பீகாரிலும் அஸ்ஸாமிலும் அதே பெயரில் வேறு அளவுகள் உண்டு. பெயர் ஒன்று, நிலம் வேறு. மீட்டருக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஒளி ஒரு விநாடியில் கடக்கும் தூரத்தில் 29,97,92,458-ல் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று 1983-ல் உலக நாடுகள் முடிவு செய்தன. மன்னர் மாறினாலும் மாநிலம் மாறினாலும் அது மாறாது. வீட்டுக்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே எண்கள்: ஓர் அடி 30.48 சென்டிமீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஒரு காத்தா சுமார் 66.9 சதுர மீட்டர்.

அலகு சரியாக இருந்தால் போதுமா? அளக்கிற கருவியும் சரியாக இருக்க வேண்டும். இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்து, கெட்டுவிட்டது என்று சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சுவரில் முட்டி அளக்கும்போது கொக்கி உள்ளே நகரும்; விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரும். கொக்கியின் தடிமன் அளவு இப்படித்தான் சரிசெய்யப்படுகிறது. இறுக்கினால் ஒவ்வோர் உள் அளவிலும் ஒரு மில்லிமீட்டர் போல தப்பு நேரும்.

நீள டேப்பில் வேறு வகைக் கோளாறு. நடுவில் தொய்ந்தால் உண்மையைவிட அதிக நீளம் காட்டும். நஷ்டம் வாங்குபவருக்கு. வெயிலும் விளையாடும்: 30 மீட்டர் இரும்பு டேப், வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். மனைக்கு இது பெரிதல்ல. ஆனால் இயந்திர பாகத்துக்குப் பெரிது. அங்கே டேப்புக்கு வேலை இல்லை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேண்டுமானால் வெர்னியர் காலிப்பர், நூறில் ஒன்று வேண்டுமானால் திருகு அளவி.

வீட்டு விஷயத்தில் மூன்று சென்டிமீட்டர் என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டால் தெரியும். 10 அடிக்கு 12 அடி அறையில் நீளம், அகலம் இரண்டிலும் 3 சென்டிமீட்டர் குறைந்தால் இரண்டு சதுர அடிக்கு மேல் போய்விடும். சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் அறைக்கு 17,000 ரூபாய். நாலு அறை என்றால்?

சட்டம் வாங்குபவர் பக்கம்தான் இருக்கிறது. 2011-ல் அமலுக்கு வந்த சட்ட அளவியல் சட்டம், விலையை மெட்ரிக் அலகில் சொல்லச் சொல்கிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' எது என்று வரையறுத்துவிட்டது: உள் தடுப்புச் சுவர்கள் சேரும்; வெளிச் சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி சேராது. 'சூப்பர் பில்டப்' என்ற பெயரில் மாடிப்படியையும் லிஃப்டையும் தலையில் கட்டும்போது இந்த வரையறை கைகொடுக்கும்.

அளவுக் கருவியையே சந்தேகிப்பவருக்கும் வழி உண்டு. 1912-ல் கொல்கத்தாவில் தொடங்கிய தேசிய சோதனைக் கூடம் இன்று சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் இயங்குகிறது. பொருள்களைச் சோதிப்பதோடு கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தருவதும் அதன் வேலை. நாட்டின் மூல மீட்டர் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சான்று பெற்ற கருவிகள் அனைத்தும் படிப்படியாக அதனுடன்தான் ஒப்பிடப்படுகின்றன.

ஃபிளாட் வாங்குகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முத்திரையிட்ட நல்ல இரும்பு டேப் ஒன்று, மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள், குறித்துக்கொள்ள ஒரு தாள். சுவருக்குச் சுவர், இரண்டு இடங்களில், மீட்டரில் அளந்தால் போதும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.