காரமின்றிச் சோப்பில்லை

சென்ற திங்கள் நம் பங்கின் மாதர் சங்கத்தார், தாங்களே செய்த தேங்காயெண்ணெய்ச் சோப்புகளை நம்மிடம் கொணர்ந்தனர். நுரை நன்று; மணமும் நன்று. உறையில் ‘இரசாயனம் அறவே அற்ற இயற்கைச் சோப்பு’ என எழுதியிருந்ததே நம்மை உறுத்திற்று.

காஸ்டிக் சோடா எனும் எரிசோடா இன்றிக் கட்டிச் சோப்பு பிறவாது. எரேமியா ஆகமமும் (2:22) அழுக்ககற்றும் காரத்தைக் குறிப்பிடுகின்றது. எண்ணெயும் எரிசோடாவும் கலக்குங்கால், இரண்டும் தம் இயல்பிழந்து சோப்பும் கிளிசரினுமாய் மாறுகின்றன. அளவு சரியாயின் எரிசோடா எஞ்சாது. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 170 கிராம் எரிசோடாவும், ஏறத்தாழ 350 கிராம் நீரும் போதும். சிறிது எண்ணெய் மிஞ்சுவது தோலுக்கு நலமே. தராசில்தான் நிறுக்க வேண்டும்; குவளைக் கணக்கு ஆகாது. நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, எரிசோடாவின்மேல் நீரை வார்த்தலாகாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும், எவர்சில்வரே தக்கது. குழந்தைகளை அருகில் விடாதிருக்கத் தாய்மாருக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

வார்த்தபின் 4 முதல் 6 வாரம் காற்றாட உலர்த்த வேண்டும். திருவிழாவுக்கோ மூன்றே வாரம். “சாமி, இப்போதே விற்றுவிடலாமே” என்றார் ஒரு கைம்பெண். அவர் வீட்டு அடுப்பின் நிலையை நாம் அறிவோம். ஆயினும் ஈரம் வற்றாத சோப்பு நான்கு நாளில் கரைந்து, வாங்கியவரை ஏய்க்குமே! பங்கு நிதியிலிருந்து அவருக்கு முன்பணம் அளித்தோம்.

புதிய உறை அச்சுக்குப் போயிருக்கிறது. அதில் இருப்பவை மூன்றே சொற்கள்: தேங்காயெண்ணெய், எரிசோடா, நீர்.