சுவரில் மாட்டினால் சிக்னல் வருமா? 6ஜி-க்காகப் பேசப்படும் 'ஆர்ஐஎஸ்' பலகை... மின்சாரம் மிச்சமாவது எப்படி?

ஹாலில் ஃபுல் சிக்னல். உள் அறைக்குப் போனால் "ஹலோ... கேக்குதா?" என்று கத்த வேண்டியிருக்கிறது. இதற்கு இன்னொரு டவர்தான் தீர்வா? சுவரில் ஒரு பலகையை மாட்டியே சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். அதன் பெயர் 'ஆர்ஐஎஸ்'.

பிரச்னை என்ன?

அதிவேக 5ஜி-க்கான 28 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 1 சென்டிமீட்டர்தான். கான்கிரீட் சுவரைத் தாண்ட அது திணறும். ஆள் குறுக்கே வந்தாலே பலவீனமாகிவிடும். இடத்துக்கு இடம் டவர் வைத்தால் கரன்ட் செலவு எகிறும்.

பலகை என்ன செய்யும்?

கைக்கண்ணாடியைச் சாய்த்து வெயிலை எதிர்ச்சுவரில் விழவைப்போம் இல்லையா? அதே வேலைதான். ஆனால், இந்தப் பலகை அசையாது. அதிலுள்ள நூற்றுக்கணக்கான சின்ன உலோகத் துண்டுகள், தம் மீது படும் அலையை மிக நுணுக்கமான நேர வித்தியாசத்தில் திருப்பி அனுப்பும். அவை ஒன்றுசேர்ந்து, போன் இருக்கும் திசைக்குப் போகும்.

மின்சாரம் எப்படி மிச்சம்?

ரிப்பீட்டர் சிக்னலை வாங்கி, பெருக்கி அனுப்பும். அதற்கு மின்சாரம் தேவை. ஆர்ஐஎஸ் பெருக்குவதில்லை, திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் 'கரன்ட்டே வேண்டாம்' என்பது சரியல்ல. கட்டுப்பாட்டு சர்க்யூட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்.

அப்போ சிக்கல் எங்கே?

பெருக்காததுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. டவரிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து போனுக்கு என இரண்டு பயணத்திலும் சிக்னல் தேய்கிறது. அதனால் நட்டநடுவில் மாட்டினால் பலன் குறைவு. டவருக்கோ போனுக்கோ பக்கத்தில் வேண்டும், பலகையும் பெரிதாக வேண்டும்.

எங்கே சோதித்தார்கள்?

ஜப்பானின் என்டிடி டோகோமோ, கண்ணாடி நிறுவனமான ஏஜிசியுடன் சேர்ந்து செய்த சோதனையை 2020 ஜனவரியில் அறிவித்தது. ஒளி ஊடுருவும் அந்தப் பலகை, 28 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தேவைப்பட்டால் உள்ளே விட்டது. இல்லையென்றால் திருப்பி அனுப்பியது.

எப்போது வரும்?

செல்போன் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தன் 18-வது வெளியீட்டில் இடம் கொடுத்தது ஆர்ஐஎஸ்ஸுக்கு அல்ல, டவர் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டருக்கு. ஆக, ஆர்ஐஎஸ் டவருக்கு மாற்று இல்லை. டவர் தெரியும் இடத்தில் மாட்டினால், அது மறைக்கும் மூலைக்குச் சிக்னலைத் திருப்பிவிடும் துணை மட்டுமே. ரிப்பீட்டரை விட மலிவாக அதைச் செய்து காட்டினால்தான் நம் சுவருக்கு வரும்!