கலாநிதிப் பட்டமும் குச்சவெளிக் கடற்கரையும்

செயற்பாட்டு முகாமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். அதனோடு தகவல் முறைமையையும் சேர்த்து, அதில் ஒரு கலாநிதிப் பட்டம் என்றும் சொன்னால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தச் சொல் நமக்குப் புதியதல்ல. 2005ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட உடன்பாட்டை நாமெல்லோரும் 'பொதுக்கட்டமைப்பு' என்று சுருக்கமாக அழைத்தோம். அதன் ஆங்கிலப் பெயரை நேராகத் தமிழில் சொன்னால் 'சுனாமிக்குப் பின்னரான செயற்பாட்டு முகாமைத்துவக் கட்டமைப்பு' என்றுதான் வரும். ஆறு மாவட்டங்களின் கரையோரத்தில், கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான நிலப்பரப்புக்கு அது உரியதாக இருந்தது. திருகோணமலை மாவட்டமும், ஆகவே குச்சவெளிக் கரையும் அதற்குள் அடங்கின. மூன்று வாரங்களில், ஜூலை 15ஆம் திகதி, உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு அத்தோடு படுத்துவிட்டது. அதன் தேவை மட்டும் கரையிலேயே கிடந்தது.

இதை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. நிலாவெளி கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் ஒன்று இருக்கிறது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் வணிகம் படித்து வெளியேறும் நம் பிள்ளைகள் சிலர், "ஐயா, இந்தத் துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைக் கந்தோரில் வயதைக் கழித்தவனிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. ஆயினும் செய்தியாளன் என்ற முறையில் இந்தத் துறை பேசுகின்ற விடயங்களையே நான் முப்பது ஆண்டுகளாக வேறு பெயர்களில் எழுதி வந்திருக்கிறேன்: வரிசை, தட்டுப்பாடு, தாமதம், வீண்விரயம். ஆகவே ஒரு கருத்துச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்று நம்புகிறேன்.

முதலில் துறையைப் பற்றி. குச்சவெளியில் விடியற்காலையில் படகு கரைக்கு வருகிறது. அந்த மீன் கொழும்பில் ஒருவர் வீட்டுச் சட்டிக்குப் போய்ச் சேரும் வரை எத்தனை கைகள் மாறுகின்றன, எங்கே ஐஸ் போதாமற் போகிறது, லொறி எந்த நேரத்தில் புறப்பட வேண்டும், எவ்வளவு பழுதாகிறது என்பவற்றை ஆராய்வது செயற்பாட்டு முகாமைத்துவம். கொழும்பில் இன்று என்ன விலை என்பது வியாபாரிக்கு எப்போது தெரிகிறது, படகுக்காரருக்கு எப்போது தெரிகிறது, அந்த இடைவெளியால் யாருக்கு எவ்வளவு இலாபம் என்பதை ஆராய்வது தகவல் முறைமை. இரண்டும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாதவை. ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்தின் சூலிக் வணிகக் கல்லூரி போன்ற இடங்களில் இவ்விரண்டையும் ஒரே பிரிவாக வைத்திருப்பது அதனால்தான்.

இது பிறந்தது போர்க்களத்தில். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தில் பணியாற்றிய பௌதிகவியலாளர் பற்றிக் பிளக்கெற், சரக்குக் கப்பல்களைச் சிறு கூட்டங்களாக அனுப்புவதைவிடப் பெருங்கூட்டங்களாக அனுப்பினால் இழப்பு வீதம் குறையும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். புதிய பீரங்கியோ புதிய கப்பலோ இல்லாமல், இருப்பதை வேறுவிதமாக ஒழுங்குபடுத்தியே உயிர்களைக் காப்பாற்றலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய திருகோணமலைத் துறைமுகமும் அதே போரின் அரங்குதான். அந்தக் காலத்தின் மிச்சமாகச் சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில்தான் அவற்றை இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்.

அதே 2022ஆம் ஆண்டில், அந்தத் தாங்கிகள் இருக்கும் மாவட்டத்திலும் மக்கள் எண்ணெய்க்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கடற்றொழிலாளர் கரையில் இருந்தார்கள். ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக்கப்பட்டது. டொலர் இல்லாததே அடிப்படைக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜூலையில் வாகனங்களுக்குக் கியூஆர் குறியீட்டு முறை அறிவிக்கப்பட்டு, வாராந்தப் பங்கீடு நடைமுறைக்கு வந்த பின்னர் கிலோமீற்றர்க் கணக்கான வரிசைகள் வெகுவாகச் சுருங்கின. நாட்டுக்கு எண்ணெய் திடீரெனப் பெருகிவிடவில்லை. யாருக்கு எவ்வளவு, ஏற்கெனவே யார் எடுத்தார் என்ற தகவல் கிடைத்தது; அதனால் பதற்றம் அடங்கியது, பதுக்கல் குறைந்தது. வரிசையின் கணிதத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் என்பவர் 1909இலேயே தொலைபேசி அழைப்புகளை வைத்து எழுதிவிட்டார். நமக்கு அதை அனுபவமாகப் படிக்க நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன!

இனி நான் சொல்ல வந்த விடயம். நம் கரையின் அனுபவத்தை உலகம் ஆய்வாக்கிவிட்டது, நாம் ஆக்கவில்லை.

2004 டிசெம்பர் 26இல் அலை வந்து போன பின், ஒரு முகாமில் உடுபுடவை குவிந்து கிடக்க அடுத்த முகாமில் குடிநீர் இல்லாதிருந்த கதையை அந்நாட்களில் கரையோரத்தில் நின்ற எந்தச் செய்தியாளரும் சொல்வார். அந்தக் குழப்பத்திலிருந்து ஒரு புதிய ஆய்வுப் பிரிவே வளர்ந்தது. மனிதாபிமான விநியோகம் என்று அதைச் சொல்லலாம். பிரான்சின் இன்சியாட் கல்லூரிப் பேராசிரியர் வான் வசன்ஹோவ் அதைப் பற்றி எழுதி 2006இல் வெளியான கட்டுரை இன்று அத்துறையின் மூலபாடங்களில் ஒன்று. பிளக்கெற்றின் பெயரில் அமைந்த நினைவுப் பேருரையாக அது நிகழ்த்தப்பட்டது என்பது பொருத்தமே. கொழும்பில் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் பற்றிய விபரங்களைத் திரட்டுவதற்கு 'சகன' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் எயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. இலங்கையில் பிறந்த ஒன்று உலகுக்கு உதவியதில் நமக்குப் பெருமைதான். ஆனால் குச்சவெளி, நிலாவெளி, திரியாய், புல்மோட்டை என்ற இந்தக் கரையில் எந்தப் பொருள் எந்த நாளில் எங்கே நின்றுபோனது, சோதனைச் சாவடியில் எத்தனை மணி நேரம் கிடந்தது, எந்த ஊர் பட்டியலிலேயே இடம்பெறவில்லை என்பதை யார் எழுதினார்கள்? அதை அறிந்தவர்கள் வயோதிபராகிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னோர் உதாரணம். கேரளத்தின் வடகரையில் 1997 ஜனவரி 14ஆம் திகதி காலையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்ட இருந்தார்கள். பதினைந்து கிலோமீற்றருக்குள் இருந்த வேறு இரு சந்தைகளில் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தவர்கள் இருபத்தேழு பேர். இதைத் தொடக்கமாக வைத்து றொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கைத்தொலைபேசி வந்த பின்னர் அந்த வீண்விரயம் ஏறத்தாழ இல்லாமற் போனது, மீனவரின் இலாபம் எட்டு வீதமளவில் உயர்ந்தது, வாங்குவோருக்கு விலை நான்கு வீதமளவில் குறைந்தது என்று அதில் காட்டினார். உலகெங்கும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்டவை மூன்று: மீன் சந்தை, விலைக் குறிப்பு, பொறுமை. மூன்றில் முதலாவது நம் ஒவ்வொரு கரையிலும் இருக்கிறது.

மதுரையில் 1976இல் டொக்டர் வெங்கடசாமி பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அவ்வாறே. ஒரு நோயாளிக்குச் சத்திரசிகிச்சை நடக்கையில் அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தமாக வைத்திருப்பது போன்ற எளிய ஒழுங்குகளால், ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தும் நட்டப்படாத நிறுவனம் அது. 1993இல் காஸ்தூரி ரங்கன் எழுதிய ஹாவாட் வணிகக் கல்லூரியின் பாட ஆவணமாகி, உலகம் முழுவதும் வகுப்பறைகளுக்குப் போனது. பெரிய கேள்வி பெரிய நகரத்தில்தான் பிறக்கும் என்பது உண்மையல்ல.

ஆனால் நம் பட்டதாரிகளின் ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டிப் பார்க்கையில் என்ன காண்கிறோம்? வங்கி வாடிக்கையாளரின் திருப்தி, ஊழியரின் திருப்தி, ஐந்து புள்ளி அளவில் ஒரு வினாக்கொத்து, இரு நூறு பேரின் பதில்கள், 'நேர்த் தொடர்பு உண்டு' என்ற முடிவு. இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வினாக்கொத்து விரைவில் முடியும்; மேற்பார்வையாளருக்கும் பழக்கமானது. துறைமுகத்தின் பதிவேட்டையோ ஆதார வைத்தியசாலையின் மருந்துக் கணக்கையோ கேட்டு ஆறு மாதம் அலைய யாருக்கு முடியும்? திணைக்களங்கள் தம் தரவுகளைப் பூட்டி வைத்திருக்கும் வரை இந்த நிலை மாறாது.

நண்பர்கள் சிலர் மறுப்பார்கள். சர்வதேச சஞ்சிகைகள் கோட்பாட்டைக் கேட்கின்றன, குச்சவெளியைக் கேட்பதில்லை என்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஊர்க் கதையை மட்டும் எழுதினால் அது என் தொழில். கலாநிதிப் பட்டத்துக்கு அது போதாது. ஆனால் ஐஸ் கட்டி உருகும் வேகமும் லொறி தாமதிக்கும் நேரமும் சேர்ந்து ஒரு பொருளின் பெறுமதியை எவ்வாறு குறைக்கின்றன என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும் கேள்விதான். வடகரைக்குச் சஞ்சிகையில் இடம் கிடைத்ததென்றால் குச்சவெளிக்கு ஏன் கிடைக்காது?

ஆகவே கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில்: போங்கள். ஆனால் பெயருக்கு முன்னால் போடுவதற்கென்று போகாதீர்கள். அதற்காக நான்கைந்து ஆண்டுகள் மிக நீண்டவை. வட அமெரிக்காவில் முதலிரண்டு ஆண்டுகள் பாடங்களும் தகுதித் தேர்வும், பின்னரே ஆய்வேடு. நல்ல கல்லூரிகள் பல கட்டணத்தைத் தள்ளி உதவித்தொகையும் கொடுக்கின்றன. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மூன்று நான்கு ஆண்டுகள், நேரே ஆய்வு. அங்கே கேள்வி கையில் இல்லாமல் போனவர் தடுமாறுவார். இந்தியாவின் ஐஐஎம்கள் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் தாமே கலாநிதிப் பட்டம் வழங்குகின்றன. கொழும்பிலும் ஜயவர்த்தனபுரவிலும் தொழில் பார்த்துக்கொண்டே படிக்கலாம், பொறுமை இருந்தால். எங்கே போனாலும் நிகழ்தகவும் நேரியல் நிரலாக்கமும் தெரியாமல் நிற்க முடியாது. சென்னை ஐஐடி பேராசிரியர் ஜி. சீனிவாசனின் விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்ணப்பிக்க முன்னர் அவற்றை முழுதாகக் கேட்டு விடுங்கள். கேட்டு முடிக்கப் பொறுமை இல்லையென்றால் இந்தத் துறை உங்களுக்கு உரியதல்ல என்பது செலவில்லாமலே தெரிந்துவிடும்.

போனவர் திரும்பி வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். 2022க்குப் பின் எத்தனை விரிவுரையாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளை வைத்திருக்கும் எவரையும் அதற்காகத் திட்ட எனக்கு மனமில்லை. ஆள் திரும்பாவிட்டாலும் கேள்வியும் விடையும் திரும்பலாம் அல்லவா? ஆய்வேட்டின் பத்துப் பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, யாரைப் பற்றிய ஆய்வோ அவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்கள் ஒரு விதி செய்யட்டும். அதற்குச் செலவு இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இந்தத் துறையில் கற்பிக்கும் தமிழர்கள் ஆளுக்கு ஒரு மாணவரை இணையத்தின் வழியே வழிநடத்த முன்வரட்டும். கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் காசை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே மாதம் இரண்டு மணி நேரத்தையும் அனுப்புங்கள் என்கிறேன்.

2005இல் ஒரு கட்டமைப்பை நீதிமன்றம் நிறுத்தியது. நம் கரையின் கணக்கை நாமே எழுதுவதை எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை.