ஐசியூ வாசலில் 'செல்போன் தடை' பலகை: உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது?

பழைய ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். கால் வருவதற்கு ஓரிரு நொடிக்கு முன்பே ஸ்பீக்கர் 'டட்-டட்-டட்' என்று உறும ஆரம்பிக்கும். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வயர் எதுவும் இல்லை. டவரோடு பேச போன் அனுப்பிய ரேடியோ அலையை ஸ்பீக்கரின் வயர் ஆன்டெனா போலப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பாட்டு கேட்கும்போது இது வெறும் தொல்லை. ஒருவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும் கருவியில் இதே விஷயம் நடந்தால்?

இதற்குப் பெயர் மின்காந்தக் குறுக்கீடு. ஐசியூ வாசலில் 'செல்போன் பயன்படுத்தாதீர்' என்று பலகை வைக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பலகை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

மூச்சுக் கருவி எப்படிக் குழம்பும்?

வென்டிலேட்டர், பைபேப் போன்ற கருவிகளில் காற்றின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. இவை தரும் மின் சிக்னல் மிகச் சிறியது. நோயாளி மூச்சை இழுக்கிறாரா, விடுகிறாரா, எப்போது காற்றைத் தள்ள வேண்டும் என்று கருவி முடிவெடுப்பது இந்தச் சிக்னலை வைத்துத்தான். வெளியிலிருந்து வலுவான அலை ஒன்று வயர் வழியாக உள்ளே நுழைந்தால், அதையும் நோயாளியின் மூச்சு என்று கருவி நினைத்துக்கொள்ளலாம். தேவையில்லாமல் அலாரம் அடிக்கலாம், மூச்சின் வேகம் மாறலாம். மோசமான நிலையில் கருவியே நின்றுபோகலாம்.

சோதனைகள் என்ன சொல்கின்றன?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர்கள் 61 தீவிர சிகிச்சைக் கருவிகளை, நோயாளிகள் யாரையும் இணைக்காமல், செல்போன் சிக்னல்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, 26 கருவிகளில் கோளாறு தெரிந்தது. ஒரு வென்டிலேட்டர் முழுவதுமாக அணைந்து மறுபடி ஆன் ஆனது. ஆனால் கோளாறு வந்த தூரத்தின் இடைநிலை அளவு வெறும் 3 செ.மீ. அதாவது போனைக் கருவியோடு கிட்டத்தட்ட ஒட்டி வைத்தபோதுதான் பெரும்பாலான சிக்கல் வந்தது. மிகச் சிலவே ஒரு மீட்டரைத் தாண்டி நடந்தன.

2008-ல் அங்கேயே இன்னொரு சோதனை. இந்த முறை, பொருட்கள் எங்கே இருக்கின்றன என்று கண்காணிக்கப் பயன்படும் ஆர்எஃப்ஐடி கருவிகள். நம் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே குடும்பம்தான். 123 சோதனைகளில் 34 முறை கோளாறு. அதில் 22 'ஆபத்தானவை' என்று வகைப்படுத்தப்பட்டன. இடைநிலை தூரம் 30 செ.மீ. போனைத் தடுக்கப் பலகை வைத்த மருத்துவமனையே, நல்ல நோக்கத்தோடு அதைவிடச் சிக்கலான ஒன்றை வார்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

பிரிட்டனில் 1997-ல் வெளியான அரசு சோதனையும் இதையே சொன்னது. ஒரு மீட்டர் தூரத்தில் செல்போனால் பாதிக்கப்பட்டவை 4 சதவீத கருவிகள்தான். அவசர சேவை ஊழியர்களின் வாக்கி-டாக்கியால் பாதிக்கப்பட்டவை 41 சதவீதம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சக்தி, தூரம் இரண்டும்தான் காரணம். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில் அலை அனுப்பும். பழைய 2ஜி போன் 2 வாட் வரை போகும். கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கிகள் பல 4-5 வாட் வரை போகும். அதேசமயம், தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை தோராயமாகப் பாதியாகும். இன்னொன்று, சிக்னல் வீக்காக இருக்கும் அறையில் போன் டவரை எட்ட தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும்.

வீட்டில்தான் கூடுதல் கவனம்

மருத்துவக் கருவிகளின் மின்காந்தப் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1-2 என்ற சர்வதேச தரநிலை இருக்கிறது. 2014-ல் வந்த இதன் நான்காம் பதிப்பின்படி, மருத்துவமனைக்கான கருவி பொதுவாக மீட்டருக்கு 3 வோல்ட் அலையைத் தாங்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் கருவியோ 10 வோல்ட்டைத் தாங்க வேண்டும்.

தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். காரணம் எளிது. மருத்துவமனையில் எதை எங்கே வைப்பது என்று பார்க்க ஆள் இருக்கிறார்கள். வீட்டில் கட்டில் ஓரத்தில் போன், சார்ஜர், வைஃபை ரவுட்டர் எல்லாம் ஒரே ஸ்டூலில் இருக்கும். அதனால் மருத்துவமனைக்கென்று மட்டும் சோதிக்கப்பட்ட பழைய கருவியை செகண்ட் ஹேண்டிலோ வாடகைக்கோ எடுத்து வீட்டில் வைக்கும்போது, அந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதிக ஆபத்துப் பிரிவுகளான சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். ஆனால் கருவி எந்தச் சூழலுக்கானது என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டியது வாங்குபவர்தான்.

என்ன செய்யலாம்?

* போன், டேப்லெட், ரவுட்டர் எதுவும் கருவியிலிருந்தும் அதன் வயர்களிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். புதிய கருவிகளின் கையேடுகளில் இருக்கும் தூரம் இதுதான். கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.
* வாக்கி-டாக்கியோடு வரும் செக்யூரிட்டி ஊழியரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லலாம். தப்பே இல்லை.
* அடாப்டர், வயர் கெட்டுப்போனால் கம்பெனி பரிந்துரைத்ததையே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்று குறுக்கீட்டைக் கூட்டலாம்.
* சில சிபேப் மாஸ்க் கிளிப்களில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர் பயன்படுத்தினாலோ, அருகில் படுத்தாலோ முதலில் டாக்டரிடம் கேளுங்கள். 2022-ல் அமெரிக்காவில் இதற்காகவே எச்சரிக்கை வந்தது.
* அலாரம் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை, ஸ்கிரீனை அல்ல. வென்டிலேட்டரை முழுவதுமாக நம்பி இருப்பவர் வீட்டில் ஆம்பு பேக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்த குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

போனை முழுவதுமாகத் தடை செய்தால் டாக்டரை அவசரமாக அழைப்பதும் கஷ்டம். அதனால் பலகையில் 'செல்போன் தடை' என்பதற்குப் பதிலாக, 'கருவியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பேசவும், வாக்கி-டாக்கி வெளியே' என்று எழுதினால் நோயாளிக்குக் கூடுதல் பயன்.