கிணற்றுக் கணக்கு

இதழ் இரண்டு மாதம் தாமதம். காகித விலை, அச்சகப் பாக்கி என்ற வழக்கமான காரணங்களோடு இம்முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாலு ஞாயிற்றுக்கிழமைகள் என் அத்தை வாழும் சேரிக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேரிக்கு மேற்கே நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். நிலத்தடியில் புதைத்த டாங்கியில் ஓட்டை. போன வைகாசியில் சேரிக் கிணற்றுத் தண்ணீரில் வானவில் படர்ந்தது. "சோத்துலயே கெரசின் வாட அடிக்குதுடா" என்றாள் அத்தை. ஊர்த்தெருவுக்கு வேறு போர்வெல். அவர்களுக்கு வாடை எட்டவில்லை. ஊர்க்கிணற்றில் நம் குடம் பட்டால் தீட்டு என்று விரட்டப்பட்ட பாட்டன்மார் தங்கள் கையால் வெட்டிய கிணறு இது. இப்போது இதுவும் போயிற்று.

மனுமேல் மனு போட்ட பிறகு நாலு குழாய்கள் இறக்கினார்கள். கண்காணிப்புக் கிணறு என்று பெயர். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு. லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். எனவே நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். குழாயில் கீறல் துளைகள் உள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக இருந்தால்தான் மிதப்பது உள்ளே வரும். துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே தொடங்கினால் எண்ணெய் வெளியிலேயே நிற்கும், குழாய் சுத்தம் என்று சாட்சி சொல்லும். துளை எந்த ஆழத்தில் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு சார்." ரிப்போர்ட் எங்கே என்றேன். அது இன்னும் வரவில்லையாம்.

எண்ணெயை அள்ளும் வேலை நம் பையன்களுக்குத்தான் கிடைத்தது. தினக்கூலி. அடியில் வால்வு வைத்த நீளக் குழலைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே மிதப்பதை மொண்டு டிரம்மில் ஊற்ற வேண்டும். கையுறை இல்லை, முகமூடி இல்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும், அந்த ஆவி ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. காது மேல் பீடி செருகியிருந்த ஒருவனை நான் கத்தித்தான் விரட்டினேன். மலக்குழியில் இறக்கிய அதே கைகளைத்தான் இதற்கும் தேடி வருகிறார்கள். டிரம்மில் தெளிந்த அடித்தண்ணீரை நம் ஓடையிலேயே கொட்டச் சொன்னார்களாம். எண்ணெய் தெரியாத தண்ணீரிலும் பென்சீன் கரைந்திருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் காலை முழுக்க அள்ளினார்கள். மதியம் அதிகாரி ஜீப்பில் வந்து அளவுநாடாவை இறக்கினார். எண்ணெய் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் வங்கிக் குமாஸ்தா. இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. மார்ச் 31 அன்று டெபாசிட் ஊதிப் பெருத்து நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்தால் வந்த வழியே போயிருக்கும். ஒருநாள் இருப்பை வைத்து எவன் நிலைமையையும் சொல்ல முடியாது.

ஒரு வாரம் யாரும் தொடாமல் விட்டு, அடுத்த ஞாயிறு கண்ணாடி மாதிரியான குழலை இறக்கினோம். இரண்டு விரல் எண்ணெய். மண்துகள்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டிருப்பது மெல்லக் கசிந்து மறுபடி குழாய்க்குள் சேர்கிறது. அள்ளிய பிறகு எத்தனை மணியில் எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தால்தான் கணக்கு. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: குழாயில் இரண்டு விரல் என்றால் மண்ணிலும் இரண்டு விரல் என்று நாம் மேடையில் முழங்கக்கூடாது. பெரும்பாலும் மண்ணில் இருப்பதைவிடக் குழாயில் கூடுதலாகவே தெரியும். பொய்க் கணக்கு நமக்கும் வேண்டாம்.

மழைக்காலத்து அளவு அதைவிட மோசம். நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயின் ஒரு பகுதி தண்ணீருக்கடியில் மண்ணில் சிக்கிக்கொள்ளும். குழாயில் குறைந்தாற்போல் தெரியும். கோடையில் நீர் இறங்கினால் அது மறுபடி தலைகாட்டும். கார்த்திகையில் அளந்தவர்கள் சித்திரையில் அளக்கட்டும்.

கையால் மொள்வது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. மேற்படலத்தை மட்டும் உறிஞ்சும் பம்பு உண்டு. கீழே ஒரு பம்பால் தண்ணீரை அளவாக இறைத்து, எண்ணெயைக் குழாய்ப் பக்கம் சரியவைத்து, மேலே இன்னொரு பம்பால் எடுப்பதும் உண்டு. வெறிகொண்டு இறைத்தால் எண்ணெய் கீழிறங்கி நல்ல மண்ணிலும் பூசிக்கொள்ளும். வெற்றிடம் வைத்து ஆவியோடு இழுக்கிறார்கள். எல்லாம் செலவு. பையன்கள் மலிவு.

இது ஒரு வாரத்தில் முடிகிற காரியமா? 1979-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெமிட்ஜி அருகே குழாய் உடைந்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அப்போதே அகற்றியும் சுமார் 4 லட்சம் லிட்டர் தங்கிவிட்டது. 1999 முதல் 2004 வரை மறுபடி பம்பு வைத்து இறைத்தார்கள். அதன் பிறகும் மிச்சம் இருந்தது. நம் பக்கம் 2013-இல் தண்டையார்பேட்டைக்காரர்கள் போர்வெல்லில் எரிபொருளைக் கண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகள் எண்ணெய் பட்டுக் கெட்ட வழக்கில், 2 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது 2019-இல்.

இங்கே சுத்தமாகிவிட்டது என்று ஒரு தாளில் சேரியார் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் லாரித் தண்ணீர் நின்றுவிடும் என்பது அத்தைக்குப் புரிந்திருக்கிறது. கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாள். பத்தாவது படித்த பெண் ஒருத்தி நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எத்தனை விரல் என்று எழுதி வருகிறாள். சித்திரைக் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, எல்லோர் முன்னிலையிலும் மறுபடி அளக்கிறோம். வரக்கூடிய தோழர்கள் குடிதண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள். அங்கே கிடைக்காது.